சிறிய பொறியும் பெரிய உண்மையும்

கணக்கிடும் பொறிகள் பெருகிய இக்காலத்தில், 'கூட்டலையும் பெருக்கலையும் பொறி செய்துவிடும். மனிதன் வருந்திக் காரணம் ஆராய வேண்டுவதில்லை. விடை கிடைத்தால் போதும்' என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றி வருகின்றது. மாணவர் சிலரும், தேர்வுக்கு வேண்டிய விடையை அறிந்த அளவில் மனநிறைவு கொண்டு, அவ்விடை ஏன் அவ்வாறு அமைந்தது என்று கேளாமல் விட்டுவிடுகின்றனர். இவ்வெண்ணம் பொருந்தாது. விடை வேறு, உண்மை வேறு. கோடிக்கணக்கான விடைகளைக் குவித்தாலும் உண்மை வெளிப்படாத இடங்கள் உண்டு. செவ்விய காரணம் ஒன்றினாலேயே எண்ணிறந்த எண்களைப் பற்றிய உண்மை வெளிப்படும் இடங்களும் உண்டு. எண்ணியல் என்னும் கணிதத்துறை இவ்விரண்டனையும் தெளிவாகக் காட்டுகின்றது.

எண் ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகங்கள் உள்ளன. ஒன்று, அதனை எழுதும் உருவம். மற்றொன்று, அதனை ஆக்கும் காரணிகள். 91 என்னும் எண்ணை எழுதினால் ஒன்பதும் ஒன்றும் கண்ணுக்குப் புலனாகின்றன. ஆனால், அவ்வெண்ணைப் பெருக்கி ஆக்கிய 7ம் 13ம் அங்கே புலனாவதில்லை. அதே எண்ணை 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களைக் கொண்ட இரும முறையில் எழுதினால், 1011011 என்னும் வேறோர் உருவம் தோன்றும். உருவம் மாறிற்று, காரணிகள் மாறவில்லை. ஒருவன் ஆடையை மாற்றினும் அவனுடைய பெற்றோர் மாறாதது போன்றது இது. ஆடையைப் பார்த்து ஒருவனுடைய குடிப்பிறப்பை அறிய முடியுமா? எண்ணின் எழுத்துருவத்தைப் பார்த்து அதன் உள்ளியல்பை அறிய முடியுமா? இக்கேள்வியே எண்ணியலார் பலரை நெடுங்காலமாக ஈர்த்து வந்துள்ளது.

இக்கேள்விக்கு விடை காண்பதற்கு, முதலில் 'பார்த்து அறிதல்' என்பதன் பொருளை வரையறுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு உதவுவது 'நிலைப்பொறி' என்னும் கருத்து. மேலை நாட்டார் இதனை 'ஆட்டோமேட்டன்' என்பர். 1943ஆம் ஆண்டில் மெக்கல்லோ, பிட்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், மூளையின் நரம்பணுக்கள் இயங்கும் வகையைக் கணித முறையில் விளக்க முற்பட்டனர். அவர்தம் ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த இக்கருத்துக்கு, ஸ்டீபன் கிளீனி என்பார் 1956இல் வெளிவந்த தம் கட்டுரையில் தெளிவான வடிவம் தந்தார். இப்பொறி இரும்பாலோ பித்தளையாலோ ஆனதன்று; எண்ணத்தால் ஆனது. இதற்கு ஒரு சில நிலைகள் மட்டுமே உண்டு. எண்ணின் இலக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக இது படிக்கும். ஓர் இலக்கத்தைப் படித்தவுடன் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறும். தான் படித்தவற்றை எழுதிவைத்துக்கொள்ள இதற்குத் தாளும் இல்லை, ஏடும் இல்லை. தான் இப்பொழுது எந்த நிலையில் உள்ளது என்பது ஒன்றே இதன் நினைவு. கடைசி இலக்கத்தைப் படித்து முடித்தபோது எந்நிலையில் நிற்கின்றதோ, அதுவே இது கூறும் விடை.

இத்தகைய எளிய பொறியால் என்ன செய்ய இயலும் என்று ஐயுறுவார் உளர். ஓர் எண் மூன்றால் மீதியின்றி வகுபடுமா என்பதனை இது எளிதில் கண்டுபிடித்துவிடும். மீதி 0, மீதி 1, மீதி 2 என மூன்று நிலைகள் போதும். 4725 என்னும் எண்ணை எடுத்துக்கொள்க. முதல் இலக்கம் 4. அதனை மூன்றால் வகுத்த மீதி 1. அடுத்த இலக்கம் 7, ஒன்றோடு ஏழைக் கூட்டின் 8, மீதி 2. அடுத்தது 2, கூட்டின் 4, மீதி 1. இறுதி இலக்கம் 5, கூட்டின் 6, மீதி 0. ஆகவே 4725 மூன்றால் வகுபடும். எண்ணில் நான்கு இலக்கங்கள் இருப்பினும், நாலாயிரம் இலக்கங்கள் இருப்பினும், இப்பொறிக்கு அம்மூன்று நிலைகளுக்கு மேல் வேண்டுவதில்லை. சிறிய நினைவு, அளவற்ற எண்களை ஆள்கின்றது.

அப்படியாயின், ஓர் எண் பகா எண்ணா அன்றா என்பதனையும் இப்பொறி கூறிவிடுமோ? நிலைகளை மூன்றிலிருந்து மூவாயிரமாகவோ முப்பது கோடியாகவோ பெருக்கினால் இயலுமோ? இயலாது. 1966ஆம் ஆண்டில் மின்ஸ்கி, பேப்பர்ட் என்னும் இருவர், எந்த எண்முறையில் எழுதினாலும் பகா எண்களைப் பிரித்தறியும் நிலைப்பொறி ஒன்று இருக்கவே முடியாது என்று நிறுவினர். 'முயன்றும் கிடைக்கவில்லை' என்று அவர்கள் கூறவில்லை. 'இருக்கவே முடியாது' என்று கூறினர். இவ்விரண்டு கூற்றுகளுக்கும் உள்ள தொலைவு பெரிது.

அதனை நிறுவும் வகைகளுள் ஒன்று பள்ளி மாணவரும் உணரத் தக்கது. பத்து இருக்கைகள் உள்ள அறையில் பதினொருவர் அமர வேண்டுமாயின், ஓர் இருக்கையிலேனும் இருவர் அமர்ந்தே தீர வேண்டும். அதுபோல, பொறியின் நிலைகளைக் காட்டிலும் மிகுதியான இலக்கங்களையுடைய பகா எண் ஒன்றைப் பொறி படிக்குங்கால், முன்னர் இருந்த நிலை ஒன்றுக்கே அது மீண்டும் வந்து சேரும். அவ்வாறு வந்து சேர்வதற்கு இடைப்பட்ட இலக்கப் பகுதியை இருமுறை எழுதினும், நூறுமுறை எழுதினும், பொறிக்கு வேறுபாடு தெரியாது. முன்னர்க் கூறிய விடையையே கூறும். அப்பகுதியை அப்பகா எண்ணின் அளவு முறை திரும்ப எழுதினால் என்னாகும்? தொடக்க எண் போதிய அளவு பெரியதாக இருப்பின், பெர்மா என்னும் பிரெஞ்சு அறிஞர் 1640இல் கண்ட விதியின்படி, புதிதாகப் பிறக்கும் பேரெண் பழைய பகா எண்ணால் வகுபட்டுவிடும். வகுபடுவது பகா எண் ஆகாதன்றோ? ஆனால், பொறி அதனையும் பகா எண் என்றே கூறும். எனவே பொறி பொய்யுரைக்கும். இதனைச் சிறிய அளவில் சோதித்துப் பார்க்கலாம். 13 ஒரு பகா எண். அதிலுள்ள மூன்று என்னும் இலக்கத்தைப் பதின்மூன்று முறை எழுதினால் 13333333333333 என்னும் எண் கிடைக்கும். அதனைப் பதின்மூன்றால் வகுத்தால், மீதியின்றி 1025641025641 என்னும் ஈவு கிடைக்கும். எழுதுகோலும் தாளும் உடைய எவரும் இதனைக் கால்மணி நேரத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பகா எண்களைப் பொறி அறியாது என்பது புலனாயிற்று. ஆயின், காரணிகளோடு தொடர்புடைய எதனையுமே அது அறியாதோ? இங்கே 'பெருக்கற் பண்பு' என்னும் கருத்தைக் காண வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு மதிப்பு அளிக்கப்பட்டுள்ளது எனக் கொள்க. பொதுக் காரணி இல்லாத இரண்டு எண்களின் மதிப்புகளைப் பெருக்கினால், அவ்விரண்டு எண்களின் பெருக்கற்பலனுக்கு உரிய மதிப்பே கிடைக்குமாயின், அம்மதிப்பு வரிசை பெருக்கற் பண்பு உடையது எனப்படும். நான்கை மீதியின்றி வகுக்கும் எண்கள் மூன்று. ஒன்பதை வகுப்பனவும் மூன்று. அவற்றின் பெருக்கற்பலனாகிய 36ஐ வகுப்பன ஒன்பது. வகுக்கும் எண்களின் தொகை ஆகிய இவ்வரிசை பெருக்கற் பண்பு உடையதற்கு எளிய சான்று. ஈரோட்டில் பிறந்து குடந்தையில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுசன், 1916இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய வரிசை ஒன்றைக் கண்டார். அதில் இரண்டின் மதிப்பு −24. மூன்றின் மதிப்பு 252. ஆறின் மதிப்பு அவ்விரண்டின் பெருக்கமாகிய −6048. இப்பண்பு எல்லா எண்களுக்கும் பொருந்தும் என்று அவர் கருதினார். மறு ஆண்டே மோர்டெல் என்னும் அறிஞர் அதனை நிறுவினார். மேதையின் கண் கண்டதற்கும் நிறுவல் வேண்டியிருந்தது என்பது இங்கே நினைவிற் கொள்ளத் தக்கது.

பெருக்கற் பண்பு காரணிகளின் வழியே செல்வது. நிலைப்பொறியோ இலக்கங்களின் வழியே செல்வது. இவ்விரு வழிகளும் எங்கேனும் சந்திக்குமோ? சந்திக்கும் இடம் ஒன்றை ஒரு தாளை மடித்தே காணலாம். நீண்ட தாள்துண்டு ஒன்றை எடுத்து, அதன் வலமுனை இடமுனையின்மேல் படியுமாறு நடுவே மடிக்க வேண்டும். அவ்வாறே மேலும் இருமுறை மடித்துப் பின் பிரித்துப் பார்த்தால், ஏழு மடிப்புக் கோடுகள் தோன்றும். இடப்புறத்திலிருந்து நோக்கின், அவை பள்ளம், பள்ளம், மேடு, பள்ளம், பள்ளம், மேடு, மேடு என்று அமைந்திருக்கும். நான்குமுறை மடித்தால் பதினைந்து கோடுகள். ஐந்துமுறை மடித்தால் முப்பத்தொன்று. முதல் ஏழும் முன்போலவே நிற்க, வரிசை நீண்டுகொண்டே செல்லும். 1966ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தில் பணியாற்றிய இயற்பியலார் ஜான் ஹெய்வே இம்மடிப்புகளைச் செங்கோணமாக விரித்துப் பார்த்தபோது, வியத்தகு வளைவு ஒன்று உருவாயிற்று. அதற்கு 'டிராகன் வளைவு' என்று பெயர் வழங்கலாயிற்று.

இம்மடிப்பு வரிசையின் விதி எளியது. கோட்டின் எண்ணை, ஒற்றைப்படை எண் வரும்வரை இரண்டால் வகுத்துக்கொண்டே செல்க. வந்த ஒற்றைப்படை எண்ணை நான்கால் வகுத்தால் மீதி 1 ஆயின் பள்ளம்; மீதி 3 ஆயின் மேடு. பள்ளத்துக்கு +1 என்றும் மேட்டுக்கு −1 என்றும் மதிப்பளித்தால், அவ்வரிசை பெருக்கற் பண்பு உடையதாகின்றது. மூன்றாம் கோடு மேடு. ஐந்தாம் கோடு பள்ளம். பதினைந்தாம் கோடு மேடு. மூன்றாம் கோடும் ஏழாம் கோடும் மேடுகள். இருபத்தொன்றாம் கோடோ பள்ளம். −1ஐ −1ஆல் பெருக்கினால் +1 வருவதன்றோ? மேலும், இவ்வரிசையை நான்கு நிலைகளே உடைய பொறி அறிந்துகொள்ளும். கோட்டின் எண்ணை இரும முறையில் எழுதி, வலக்கோடியிலிருந்து படிக்கச் செய்க. சுழிகளைக் கடந்து, முதலில் வரும் ஒன்றையும் கடந்து, அதற்கு இடப்புறத்து இலக்கத்தைப் பார்த்தல் வேண்டும். அது சுழியாயினும், அங்கே இலக்கமே இல்லையாயினும் பள்ளம், ஒன்றாயின் மேடு. இங்கே இலக்கத்தின் வழியும் காரணியின் வழியும் கைகோத்துச் செல்கின்றன.

இவ்வாறு இருபண்பும் ஒருங்கே அமைந்த வரிசைகள் வேறு எவை? அவை எண்ணற்ற வகையினவோ? 2012ஆம் ஆண்டில் பெல், புருயின், கூன்ஸ் என்னும் மூவர் இதைப்பற்றி ஓர் ஊகத்தை வெளியிட்டனர். இருபண்பும் உடைய வரிசை எதுவாயினும், பகா எண்களின்மேல் அது கொள்ளும் மதிப்புகள், தொடக்கத்திலுள்ள சிலவற்றை நீக்கினால், ஒரு சுழல்முறைக்கு அடங்கியே தீரும் என்பது அவ்வூகம். அஃதாவது, குறித்த ஓர் எண்ணால் வகுக்க வரும் மீதியே அம்மதிப்பை முடிவு செய்யும். மடிப்பு வரிசையில் அந்த எண் நான்கு. பின்வந்த பத்தாண்டுகளுக்குள் க்ளுர்மன், குர்ல்பெர்க், கோனியெச்னி முதலியோர் இதனை நிறுவினர். கோனியெச்னியும் லெமாஞ்சிக், முல்னர் என்பாரும் சேர்ந்து, அத்தகைய வரிசைகள் அனைத்தையும் முழுமையாக வகைப்படுத்தியும் காட்டினர். நினைவு குறைந்த பொறி காரணிகளின் உலகில் நுழைய விரும்பினால், மீதிகளின் சுழற்சி என்னும் ஒரு வாயில் வழியாகவே நுழைய வேண்டும். வேறு வாயில் இல்லை என்பதே இதன் சாரம். எண்ணிலடங்காத பொறிகளையும் வரிசைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்து எவரும் இதனைக் கண்டிருக்க முடியாது. காரணம் ஆராயும் அறிவு ஒன்றே இதனைக் கண்டது.

'ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பது ஏன் போதாது? கோடி எண்களுக்குப் பொருந்தியது அடுத்த எண்ணுக்கும் பொருந்தாதோ?' என்று கேட்பார் உளர். அவர்க்கு விடை கூறும் வரலாறு ஒன்று உண்டு. ஓர் எண்ணின் பகாக் காரணிகளை, திரும்ப வருவனவற்றையும் சேர்த்து எண்ணினால், தொகை இரட்டைப்படையாகவோ ஒற்றைப்படையாகவோ அமையும். இரட்டைப்படை ஆயின் +1 என்றும், ஒற்றைப்படை ஆயின் −1 என்றும் மதிப்பளித்தால் வருவது, லியோவில் என்னும் பிரெஞ்சு அறிஞரின் பெயரால் வழங்கும் வரிசை. இதுவும் பெருக்கற் பண்பு உடையதே. ஆயினும், எந்த நிலைப்பொறிக்கும் இது அடங்காது என்று நிறுவப்பட்டுள்ளது. ஒன்று முதல் இருபது வரையுள்ள எண்களில் இரட்டை வகையின எட்டு. ஒற்றை வகையின பன்னிரண்டு. இரண்டு முதலாக எந்த எண் வரையில் எண்ணிப் பார்த்தாலும், இரட்டை வகை ஒற்றை வகையை விஞ்சுவதில்லை எனத் தோன்றும். 1919ஆம் ஆண்டில் ஜார்ஜ் போல்யா என்னும் கணித அறிஞர் இதனை ஆராயத் தக்க ஊகமாக வெளியிட்டார். சோதித்த இடமெல்லாம் அவ்வூகம் பொருந்திற்று. நூறில் பொருந்திற்று, இலட்சத்தில் பொருந்திற்று, கோடியிலும் பொருந்திற்று.

ஆயினும், 1958ஆம் ஆண்டில் ஹேசல்குரோவ் என்னும் ஆங்கில அறிஞர், அவ்வூகம் எங்கோ ஓரிடத்தில் தவறியே தீரும் என்று நிறுவினார். 1960இல் லேமன் என்பார், அது தவறும் எண் ஒன்றையே எடுத்துக் காட்டினார். முதன்முதலாகத் தவறும் இடம் 90,61,50,257 என்பதனை 1980இல் ஜப்பானிய அறிஞர் தனாக்கா கண்டறிந்தார். நாளொன்றுக்கு ஆயிரம் எண்களாக ஒருவன் இடைவிடாது சோதித்து வந்தால், அவ்விடத்தை அடைய ஏறத்தாழ 2,480 ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுகளும் அவன், 'நான் சோதித்தவை எல்லாம் பொருந்தின; ஆகவே இது மெய்' என்று கூறிக்கொண்டே இருப்பான். அவன் கூறுவதில் பொய்யில்லை. ஆனால் அவன் கொண்ட முடிவு பொய். இதனால் பொறிகள் பயனற்றவை என்பது கருத்தன்று. ஹேசல்குரோவும் கணிப்பொறியின் துணையைக் கொண்டவரே. எதனைக் கணக்கிட வேண்டும், அக்கணக்கு எதனை மெய்ப்பிக்கும் என்று தெளிந்தது அவருடைய அறிவு. கணக்கிட்டுத் தந்தது பொறி. ஏரை இழுப்பது எருது. உழவேண்டிய நிலத்தை அறிந்தவன் உழவன்.

'இவற்றால் யாருக்கு என்ன பயன்? பெருக்கற் பண்புடைய வரிசையைப் பொறி ஆக்கினால் என்ன, ஆக்காவிட்டால் என்ன?' என்று வினவுவாரும் உண்டு. நிலைப்பொறி என்னும் கருத்து இன்று பயன்படாத இடமில்லை. மாடிக்கு ஏற்றிச் செல்லும் மின்தூக்கி எந்த அழைப்பை முதலில் ஏற்பது என்று முடிவு செய்வதிலும், கணிப்பொறி ஒரு பெருநூலினுள் ஒரு சொல்லை நொடியில் தேடித் தருவதிலும் அக்கருத்தே நின்று செயற்படுகின்றது. ஆனால், மேலே கூறிய தேற்றம் எவருடைய கூரையையும் வேய்ந்ததில்லை. எவருடைய வயலுக்கும் நீர் பாய்ச்சியதில்லை. அதனை ஒளிக்க வேண்டுவதில்லை. அதன் பயன் வேறு வகையினது. எது இயலும், எது இயலாது என்று எல்லை வகுத்து அறிவதே அறிவின் உயர்ந்த தொழில்களுள் ஒன்று. கடலின் ஆழத்தை அறியாதவன் அதனைக் கோலால் அளக்க முயன்று காலத்தை வீணாக்குவான். கோலின் நீளத்தை அறிந்தவன் அவ்வாறு வீணாகான். பொறிகளின் ஆற்றலைப் புகழ்வார் மிகுந்த இக்காலத்தில், அவற்றின் எல்லையை அறிந்தோர் மேலும் மிகுதியாக வேண்டப்படுகின்றனர்.

பள்ளிக் கல்வியில் இக்கருத்துக்கு உரிய இடம் அளித்தல் வேண்டும். வாய்பாட்டை மனப்பாடம் செய்வது தவறன்று, அது கருவி. ஆனால், கருவியைத் தீட்டுவதோடு நின்றுவிட்டு, அதனைக் கொண்டு எதனையும் செய்யாதவன் தச்சன் ஆகான். மூன்றால் வகுபடும் எண்ணின் இலக்கத் தொகையும் மூன்றால் வகுபடும் என்று மாணவன் கற்கின்றான். அஃது ஏன் என்று அவன் ஒருநாளேனும் கேட்டிருக்க வேண்டும். பத்தை மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று என்னும் சிறிய செய்தியே அதற்குக் காரணம் என்று அவன் தானே கண்டுகொள்ளும் நாளில், ஆயிரம் கணக்குகளைச் செய்து முடித்தாலும் பெறாத தெளிவைப் பெறுவான். ஆசிரியர் விடைக்கு அளிக்கும் மதிப்பெண்ணோடு, 'ஏன்' என்னும் வினாவுக்கும் ஒரு மதிப்பெண் அளிப்பாராயின், வகுப்பின் இயல்பே மாறிவிடும்.

மூன்று நிலைகளே உடைய பொறி, முடிவில்லாத எண்களுக்கு விடை கூறுகின்றது. கோடி நிலைகள் உடைய பொறியோ, ஒரு பகா எண்ணின் முன்னே தடுமாறி நிற்கின்றது. இவ்விரண்டனையும் ஒருங்கே கண்டு, இரண்டிற்கும் காரணம் கூற வல்லது மனித அறிவு. பொறி விடை கூறட்டும். அவ்விடை மெய்யா என்று ஆராய்ந்து தெளியும் உரிமையை மாணவர் ஒருபோதும் அதனிடம் ஒப்படைத்தல் ஆகாது.